இறந்த செய்தியை எந்தக் காலத்தில் சொல்வது?

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கித் தருகிறேன்.

ஓர் இரவு, அவர் பொறுப்பில் இருந்த 88 வயது மூதாட்டிக்கு மூச்சு மாறத் தொடங்கியது. ஒன்பதரை மணிக்கு மகளுக்கு போன் செய்து 'யுவர் மதர் இஸ் சீரியஸ்' என்று சொல்லியிருக்கிறார். 'இப்போதே வரட்டுமா?' என்று மகள் கேட்டதற்கு 'ஆஸ் யூ விஷ்' என்று பதில். காலையில் வருகிறேன் என்று மகள் போனை வைத்துவிட்டார். மூதாட்டி அதிகாலை 3.40-க்கு இறந்துபோனார். 4.05-க்கு மறுபடி போன். 'யுவர் மதர் எக்ஸ்பயர்ட்' என்றார் நம் வாசகி. 'சாரி?' என்றார் மகள். 'ஷி இஸ் நோ மோர்.' 'சாரி, வாட்?' பதற்றத்தில் 'ஷி இஸ் டைட்' (died) என்று சொல்லிவிட்டார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'அம்மா செத்துட்டாங்கன்னா சொல்றீங்க?' என்று ஆங்கிலத்தில் மகள் அலற, இவர் 'யெஸ், யெஸ்' என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறார்.

பத்து நாள் கழித்து இல்லத்துக்குப் புகார்க் கடிதம் வந்தது. நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி மேலாளர் கேட்டிருக்கிறார். உடன் வேலை பார்க்கும் தோழி, 'ஐ ஹேட் க்ளியர்லி இன்ஃபார்ம்டு ஹெர்னு எழுது, சாரின்னு மட்டும் எழுதிடாதே, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்' என்கிறாராம். பின் நம்பர், அதாவது நர்ஸாக வேலை பார்ப்பதற்கான பதிவு எண், போய்விடுமோ என்று வாசகிக்குத் தூக்கமில்லை. கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் அப்பா தவறிவிட்டார். லீவு கிடைக்காததால் காரியத்தை வீடியோ காலில்தான் பார்த்தார். இப்போது யாராவது குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்று வருகிறது, 'வாஸ்' வரமாட்டேன் என்கிறது. இது ஆங்கிலப் பிழையா, மனப் பிழையா என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு 19 வருடமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று ஐந்தைந்து நிமிட ரோல் ப்ளேயில் பழக்குகிறோம். விடியற்காலை நாலு மணிக்கு, முகம் தெரியாத ஒரு மகளிடம் அவர் அம்மா இறந்ததைச் சொல்ல நாங்கள் பழக்கியதில்லை. அந்தக் குறை எங்கள் பக்கமும் இருக்கிறது. அதனால் முதல் கேள்வியிலிருந்தே பொறுமையாகப் போவோம்.

மூன்று வாக்கியங்கள்

'எக்ஸ்பயர்ட்' என்பது உங்கள் தவறு இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரி வார்டில் நின்றாலும் 'பேஷண்ட் எக்ஸ்பயர்ட்' என்றுதான் காதில் விழும். கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான் எழுதுகிறோம். அதில் மரியாதை இருப்பதாகவே நம் காதுக்குப் படுகிறது. இங்கிலாந்தில் ஒரு சாதாரண மனிதருக்கு எக்ஸ்பயர் ஆவது பாஸ்போர்ட், பார்க்கிங் டிக்கெட், மருந்துப் பாட்டில். தூக்கத்திலிருந்து எழுந்தவர் 'அம்மா எக்ஸ்பயர்ட்' என்று கேட்டால் மூளை அதை அம்மாவோடு சேர்க்கவே மறுக்கும்.

'இஸ் நோ மோர்' பிழையான ஆங்கிலம் இல்லை. 1948 ஜனவரி 30 அன்று இரவு வானொலியில் பேசிய நேரு, நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது என்பதற்கு 'ஹேஸ் கான் அவுட்' என்றார். தொடர்ந்து, பாபு (காந்தி) 'இஸ் நோ மோர்' என்றார். நாட்டுக்கே சொன்ன செய்தி அது. அதற்கு அந்தக் கனம் பொருந்தியது. அன்றைக்கு நாட்டுக்குச் சொன்ன சொல்லை இன்றைக்கு ஒரு வீட்டு போனில் சொன்னால் மேடையில் பேசுவது போலக் கேட்கும்.

'இஸ் டைட்' மட்டும்தான் இலக்கணப் பிழை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மறுபடி வராது. 'டைட்' ஒரு வினை, நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சி. 'டெட்' ஒரு நிலை. நிலைக்குத்தான் 'இஸ்' ஒட்டும்: 'இஸ் டெட்'. நிகழ்ச்சிக்கு 'ஹேஸ்' ஒட்டும்: 'ஹேஸ் டைட்'. நாமோ 'இறந்திருக்கிறார்' என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கப் பழகியவர்கள். அந்த 'இருக்கிறார்'தான் 'இஸ்' ஆக வெளியே வந்துவிடுகிறது. சரி, 'இஸ் டெட்' இலக்கணப்படி சரிதானே, அதையே சொல்லலாமா? முதல் செய்தியாக வேண்டாம். என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் இப்போதைய நிலையை மட்டும் அறிவிப்பது அது. ரிசல்ட் வாசித்தது போல இருக்கும்.

முதலில் 'ஹேஸ் டைட்', அடுத்து 'டைட்'

செய்தியை உடைக்கும் முதல் வாக்கியத்துக்கு 'ஹேஸ்' வேண்டும். இப்போதுதான் நடந்தது, அதனால் இந்த நொடி எல்லாம் மாறிவிட்டது என்பதை அந்தச் சின்னச் சொல் சுமக்கிறது. நேரத்தைச் சேர்த்துவிட்டால் 'ஹேஸ்' நிற்காது. 'ஹேஸ் டைட் அட் ட்வென்டி டு ஃபோர்' என்று ஆங்கிலத்தில் வராது. நேரம் வந்ததும் 'டைட்'.

ஆக, அன்று 4.05-க்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். 'ஐ'ம் அஃப்ரெய்ட் ஐ ஹேவ் வெரி சேட் நியூஸ்.' ஒரு மூச்சு விடுங்கள். 'யுவர் மம் ஹேஸ் டைட்.' இதன் பிறகு நீங்கள் எதுவும் பேசக் கூடாது. அவர் அழட்டும், திட்டட்டும், போனைக் கீழே போடட்டும். அவராக ஏதாவது கேட்கும்போது அடுத்தது: 'ஷி டைட் அட் ட்வென்டி டு ஃபோர். ஐ வாஸ் வித் ஹெர்.' நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மகளிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அம்மா தனியாகப் போகவில்லை என்பது அந்த மகளுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி.

'மம்' என்று எழுதியதைக் கவனியுங்கள். மகள் எந்தச் சொல்லில் அம்மாவைக் கூப்பிடுகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மதர்' விண்ணப்பப் படிவத்துச் சொல்.

'டைட்' அவமரியாதையா?

'பெரியவங்களைப் போய் எப்படி டைட்னு சொல்றது' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மாணவிகள் அத்தனை பேரும் கேட்கும் கேள்வி இது. தமிழில் 'செத்துட்டாங்க' என்று ஒரு பெரியவரைச் சொல்ல நா எழாது. தவறிட்டாங்க, காலமானாங்க, இறைவனடி சேர்ந்துட்டாங்க என்று ஆளுக்கும் வீட்டுக்கும் தகுந்தபடி சொல் வைத்திருக்கிறோம். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று சொல்வதற்கு நம் இலக்கணம் 'மங்கலம்' என்று பெயரே கொடுத்திருக்கிறது. சோழர் கல்வெட்டில் சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. இந்த நாக்கோடு வளர்ந்தவருக்கு 'டைட்' என்றதும் 'செத்துட்டாங்க' என்றே கேட்கும்.

ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நம் 'செத்துட்டாங்க'வின் சூடு கிடையாது. அது 'இறந்துவிட்டார்' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல். 2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் ராணி இறந்தபோது அரண்மனை வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள்: 'தி குயின் டைட் பீஸ்ஃபுல்லி அட் பால்மோரல் திஸ் ஆஃப்டர்நூன்.' எழுபது வருடம் ஆண்ட ராணிக்கு அரண்மனையே வைத்த சொல் 'டைட்'. பொழுதும் சேர்த்துச் சொன்னதால் 'ஹேஸ்' இல்லை. ஆங்கிலத்தில் மரியாதை வினைச்சொல்லில் உட்காருவதில்லை. குரலில், பேச்சின் வேகத்தில், 'ஐ'ம் ஸோ சாரி'யில் அது இருக்கிறது.

'பாஸ்டு அவே' சொல்லலாமா? அங்கே பல குடும்பங்கள் அதைத்தான் சொல்கின்றன. நம் 'இற' என்ற வினைக்கே பழைய பொருள் கடந்துபோவதுதான். கடந்துபோன காலத்துக்கு 'இறந்தகாலம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். இரண்டு மொழியிலும் அதே படிமம் என்பதால் அந்தச் சொல் நமக்கு ஒட்டிப்போகிறது. குடும்பத்தார் அதைச் சொன்னால் நீங்களும் சொல்லுங்கள். முதல் செய்தி மட்டும் 'டைட்' ஆக இருக்கட்டும். துக்கச் செய்தி சொல்ல டாக்டர்களைப் பழக்கும்போதும் அந்தச் சொல்லைத்தான் நேராகச் சொல்லச் சொல்கிறார்கள். 'வி ஹேவ் லாஸ்ட் யுவர் மம்' வேண்டவே வேண்டாம். மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் இல்லத்திலிருந்து அப்படி போன் வந்தால், அம்மா கதவைத் திறந்துகொண்டு எங்கேயோ போய்விட்டார் என்றுதான் மகள் நினைப்பார்.

இன்னொன்று, பேப்பர் தலைப்பைப் பார்த்து ஆங்கிலம் பழகாதீர்கள். 2015 ஜூலை 27-ல் அப்துல் கலாம் இறந்தபோது ஆங்கிலத் தலைப்புகள் 'டைஸ்' என்று நிகழ்காலத்தில் வந்தன. தலைப்புக்கு மட்டும் உள்ள வழக்கம் அது. பேச்சிலோ கடிதத்திலோ அதற்கு இடமில்லை.

ஒன்பதரை மணி போன்

இப்போது, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். புகாரில் மகள் எழுதியதை நீங்களே எடுத்து எழுதியிருக்கிறீர்கள்: 'அம்மா இறந்துகொண்டிருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.' அதில் எக்ஸ்பயர்ட் இல்லை, நோ மோர் இல்லை, உங்கள் இலக்கணம் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு மணி போனை நினைத்து நீங்கள் தூக்கம் கெடுகிறீர்கள். அவருக்கு வலிப்பது ஒன்பதரை மணி போன்.

'இஸ் சீரியஸ்' என்றால் நமக்கு உடனே விளங்கும். 'அப்பா சீரியஸ்' என்று ஒரு வரி வந்தால் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுவோம். அந்த ஊரில் ஒருவர் 'சீரியஸ்' என்றால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதுதான் முதல் பொருள். உடம்பு மோசமென்றால் 'வெரி அன்வெல்', வடக்குப் பக்கம் போனால் 'வெரி பூர்லி' என்பார்கள். உயிர் பிரியும் நேரம் என்றால் அதற்கு ஒரே ஒரு வினைதான் இருக்கிறது, நிகழ்காலத்தில், நடந்துகொண்டிருக்கும் வடிவில்: 'ஐ திங்க் ஷி இஸ் டையிங்.'

அது உங்கள் வாயில் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருப்பவரைப் பார்த்து 'செத்துக்கிட்டு இருக்காங்க' என்று யாராவது சொல்வார்களா? 'இழுத்துக்கிட்டு இருக்கு' என்போம், 'இன்னிக்கோ நாளைக்கோ' என்போம். வாயால் சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் நமக்கு உண்டு. இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பயத்தைத் தள்ளி வையுங்கள். 'இஸ் டையிங்' என்று நீங்கள் சொல்வதால் யாரும் சாவதில்லை. சொல்லாவிட்டால் மகள் வருவதற்கு இருக்கும் நேரம் போய்விடுகிறது. உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால் 'ஐ திங்க்' இருக்கிறது, 'ஷி மே பி டையிங்' இருக்கிறது. மணிக்கணக்கா, நாள்கணக்கா என்று தோன்றுவதையும் சொல்லலாம்.

'வரட்டுமா' என்று அவர் கேட்டதற்கு 'ஆஸ் யூ விஷ்' என்றீர்கள். 'உங்க இஷ்டம்மா' என்று பணிவாகத்தான் சொன்னீர்கள், எனக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் அது, எனக்கு ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்துவது போல ஒலிக்கும். 'இஃப் யூ வான்ட் டு பி வித் ஹெர், ப்ளீஸ் கம் நவ்.' இதுதான் அங்கே தேவைப்பட்ட பணிவு. அவர் வீடு நாற்பது நிமிட தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் 'ஹேஸ்'ஸையும் 'இஸ்'ஸையும் மட்டும் திருத்தி அனுப்பினால் அடுத்த குடும்பத்துக்கும் இதே நடக்கும்.

மேலாளருக்குக் கொடுக்கும் எழுத்து

தோழி சொன்ன வாக்கியம் வேண்டாம். முதல் காரணம், அது உண்மையில்லை. நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் நடத்தை நெறியில், தவறு நடந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. சொல் தடுமாறிய நர்ஸைவிட, நடக்காததை நடந்ததாக எழுதிய நர்ஸுக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டாவது காரணம் அந்த 'ஹேட்'. மரியாதையாக இருக்கும் என்று நாம் எல்லா இடத்திலும் 'ஐ ஹேட் இன்ஃபார்ம்டு' எழுதுகிறோம். 'ஹேட்' வந்தால் அங்கே படிப்பவர், இதற்குப் பின்னால் வேறொன்று நடந்ததா என்று தேடுவார். நேரம் போட்டுச் சாதாரண இறந்தகாலத்தில் எழுதுங்கள்: இத்தனை மணிக்கு போன் செய்தேன், இதைச் சொன்னேன், அவர் இதைக் கேட்டார். நீங்கள் சொன்ன சொற்களை மேற்கோளுக்குள் அப்படியே போடுங்கள். 'ஹேட்' ஒரே இடத்தில் போதும்: மகள் வந்து சேர்ந்தபோது அம்மா ஏற்கெனவே இறந்திருந்தார், 'ஹேட் டைட்'.

'சாரி' எழுதினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகும் என்பதும் சரியில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொருந்தும் 2006-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது. நான் மொழி ஆசிரியர்தான், வக்கீல் இல்லை. அதனால் ஆர்.சி.என். மாதிரி ஏதாவது சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், தாளைக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மேலாளருக்கு எழுதிக் கொடுப்பது என்.எம்.சி. விசாரணை ஆகிவிடாது, இப்படிப்பட்ட குறைகளை வேலை செய்யும் இடத்திலேயே பேசித் தீர்ப்பதுதான் முதல் வழி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஐந்து அனுபவக் குறிப்புகள் எழுத வேண்டுமே, அதில் ஒன்றாக இதையே எழுதலாம்.

மேலாளர் அனுமதித்தால் மகளுக்கும் நாலு வரி எழுதுங்கள். இரவில் நான் தெளிவாகச் சொல்லவில்லை, அதற்கு வருந்துகிறேன், கடைசி நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன் என்று. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அறையில் இருப்பது 'ஷி'தான்

குடும்பம் வந்து நிற்கும் நேரத்துக்கு ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் உயிர் போன அடுத்த நிமிடமே 'பாடி எப்ப வரும், பாடியை எங்க வைக்கிறது' என்று பேச்சு மாறிவிடும். அங்கே மகளிடம் 'தி பாடி' என்று சொல்லாதீர்கள். 'ஷீஸ் இன் ஹெர் ரூம். வுட் யூ லைக் டு சீ ஹெர்?' இறந்த பிறகும் அந்த அறைக்குள் நிகழ்காலம் செல்லும். மகள் 'மம் லவ்ஸ் திஸ் ப்ளாங்கெட்' என்று நிகழ்காலத்தில் பேசினால் நீங்கள் 'லவ்டு' என்று மாற்றிச் சொல்ல வேண்டாம். அவர் எந்தக் காலத்தில் பேசுகிறாரோ அதே காலத்தில் கூடவே போங்கள். எது சொல்வதென்று தடுமாறினால் 'டெல் மி அபவுட் ஹெர்' என்று கேளுங்கள். அந்த வாக்கியத்தில் காலமே இல்லை.

உங்கள் அப்பா

'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' மனப் பிழை இல்லை. இரண்டு வருடமாகியும் 'வாஸ்' வராதது உங்கள் அன்பின் குறையும் இல்லை, ஆங்கிலத்தின் குறையும் இல்லை. தூரத்திலிருந்து செல்போன் திரையில் அப்பாவை வழியனுப்பியவர் நீங்கள். நா பழக நேரம் எடுக்கும்.

ஆனால் கேட்பவருக்கு அது வேறு செய்தியைத் தரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'இஸ்' என்றால் அப்பா இருக்கிறார், 'வாஸ்' என்றால் அநேகமாக இல்லை என்று ஆங்கிலக் காது எடுத்துக்கொள்ளும். ரிட்டயர் ஆன உங்கள் அம்மாவை 'ஷி வாஸ் எ டீச்சர்' என்று நீங்கள் சொன்னபோது உடன் வேலை பார்ப்பவர் 'ஓ, ஐ'ம் சாரி' என்றது இதனால்தான். அம்மாவுக்கு 'ஷீஸ் எ ரிட்டயர்டு டீச்சர்' போதும். அப்பாவைப் பற்றி ஒரே ஒருமுறை 'மை டாட் டைட் டூ இயர்ஸ் அகோ' என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் காலத்தில் பேசினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்ல மனமில்லாத நாளில் 'ஐ'ம் ஃப்ரம் எ ஃபார்மிங் ஃபேமிலி' என்று நிறுத்திக்கொள்ளலாம். சில வாக்கியங்கள் எப்போதும் நிகழ்காலம்தான்: 'ஐ'ம் ஹிஸ் எல்டஸ்ட் டாட்டர்.' அதை 'வாஸ்' ஆக்கச் சொல்லி எந்த இலக்கணமும் கேட்காது.

உங்களுக்கு 'வாஸ்' ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். தமிழில் நாம் இதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை. 'அப்பா நாலு மணிக்கு எழுந்திருப்பார், மோட்டார் போடுவார், வரப்பில் உட்கார்ந்து டீ குடிப்பார்.' இதைச் சொல்பவரின் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று இந்த வாக்கியம் சொல்லாது. இருப்பவரின் வழக்கத்துக்கும் போனவரின் வழக்கத்துக்கும் நம்மிடம் ஒரே வினைதான், அதுவும் எதிர்கால வடிவத்தில். ஆங்கிலம் அந்த இடத்தில் பிரித்துக் கேட்கிறது. இருப்பவருக்கு 'கெட்ஸ் அப்'. போனவருக்கு 'வாஸ்' மட்டும்தான் என்று இல்லை, 'வுட்' என்று ஒரு சொல் இருக்கிறது. நம் 'எழுந்திருப்பார்', 'குடிப்பார்' என்பதற்கு மிகப் பக்கத்தில் வருவது அதுதான். இறந்தகாலம்தான், ஆனாலும் அதைச் சொல்லும்போது ஆள் கண்முன் நடமாடுவார்.

பிரேக் நேரத்தில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: 'மை டாட் வுட் கெட் அப் அட் ஃபோர். ஹி வுட் ஸ்விட்ச் ஆன் தி பம்ப், அண்ட் தென் ஹி வுட் சிட் பை தி ஃபீல்டு வித் ஹிஸ் டீ.'